மஞ்சள் துணியில் ஒரு சட்டைக்காசு

காசு விஷயத்தில் எனக்குத் தெரிந்த அளவு இந்தக் கடற்கரையில் வேறு யாருக்கும் தெரியாது. இதை நானே சொல்லிக்கொள்கிறேன். பிறர் வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தால் எனக்கு இன்னும் வயதாகிவிடும். காசு என்றால் சம்பாதித்துச் சேர்க்கிற காசு அல்ல. சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் நின்று, நாலு பேர் மூச்சுக்காற்று மேலே படுகிற தூரத்தில், கையில் இருக்கிற காசை இல்லாமல் ஆக்குகிற வித்தை. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை ரோட்டோரம் இருக்கிற ரிசார்ட்டுகளில் சனிக்கிழமை சாயங்காலம் சாப்பிடப் போனவர்கள் என்னைப் பார்த்திருப்பார்கள். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கோட்டு, வெறுங்கையை ஆட்டிக்கொண்டு வருகிற கிழவன். அது நான்தான்.

ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. மாமல்லபுரம் கடற்கரையில் சங்கும் பாசிமணியும் விற்றுக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளைக்காரர் சங்கு வாங்கி, காசைக் கொடுத்துவிட்டு, அதே காசை என் காதுக்குப் பின்னாலிருந்து எடுத்தார். எனக்கு அது எப்படி என்று புரிய ஒரு மழைக்காலம் முழுக்க ஆயிற்று. யாரிடமும் கேட்கவில்லை. சங்கு விற்ற காசை வைத்துக்கொண்டே பழகினேன். அந்த வெள்ளைக்காரர் இன்று வந்தால் அவர் காதிலிருந்து நான் எடுப்பேன்.

வித்தைக்காசு என்று ஒன்று உண்டு. பார்வைக்குச் சாதாரணக் காசு, உள்ளே வேலை செய்திருக்கும். மடிகிற காசு, இரண்டு பக்கமும் தலை இருக்கிற காசு, காந்தம் பதித்த காசு என்று பல தினுசு. புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் செய்கிற தவறு, காசு என்ன வித்தை பண்ணும் என்று பார்த்து வாங்குவது. பார்க்க வேண்டியது அதை இல்லை. அந்தக் காசை எதிரில் உட்கார்ந்திருப்பவர் எப்படிப் பார்ப்பார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பத்து ரூபாய்க் காசையே எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் வெள்ளை, சுற்றிலும் மஞ்சள். அழகான காசு. எங்கள் பக்கத்தில் அதை ரொம்ப நாள் யாரும் வாங்கவே இல்லை. பஸ்ஸில் கொடுத்தால் கண்டக்டர் திருப்பிக் கொடுப்பார். பெட்டிக்கடையில் கொடுத்தால் "இது செல்லாது, வேற குடு" என்பார்கள். ஒருமுறை கேளம்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் பிறந்தநாள் விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நல்ல பத்து ரூபாய்க் காசு ஒன்றை எடுத்து நீட்டினேன். அதில் ஒரு வேலையும் செய்திருக்கவில்லை, சாமி மேல் ஆணை. நான் இன்னும் ஒன்றுமே செய்யாமல் இருக்கும்போதே முன்னால் உட்கார்ந்திருந்தவர், "அங்கிள், இது டூப்ளிகேட் தானே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அசல் காசு போலி ஆகிவிட்டது. அன்றிலிருந்து பத்து ரூபாய்க் காசைத் தொடுவது இல்லை.

வெளிநாட்டுக்காரர்கள் எதிரில் உட்கார்ந்தால் கதை வேறு. அவர்களுக்கு நம்முடைய எந்தக் காசைக் காட்டினாலும் ஆச்சரியம்தான். திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், சிங்கத்தைத் தடவுவார்கள். அவர்களிடம் வேலை செய்த காசை நீட்டினால் மாட்டிக்கொள்வோம். அவர்களுடைய காசையே வாங்கிச் செய்ய வேண்டும்.

ஆக, ஒருவரும் நின்று பார்க்காத காசு எது? பழைய கெட்டி ஐந்து ரூபாய். வெள்ளை நிறம், நல்ல கனம், விளிம்பில் இருக்கிற வரி விரலுக்குப் பிடி கொடுக்கும், கைக்கு அடங்கும். நம் ஆட்கள் எத்தனையோ வருஷம் அதைப் பார்த்துவிட்டதால் இப்போது பார்ப்பதில்லை. இப்போது வருகிற பித்தளை நிறக் காசு பளபளவென்று கண்ணை இழுக்கிறது. பளபளப்பு நமக்கு எதிரி.

என் ஐந்து ரூபாய்க்கு நான் வைத்த பெயர் சட்டைக்காசு. பாம்பு சட்டை உரிக்கும் அல்லவா, அது மாதிரி. ஒரு காசின் முகமும் விளிம்பும் மட்டும் இருக்கும், பின்புறம் குடைந்து கிண்ணம் மாதிரி இருக்கும். அதற்குள் இன்னொரு காசு உட்காரும். உட்கார்ந்துவிட்டால் வெளியே ஒரே காசு. விரலால் லேசாக நகர்த்தினால் இரண்டு. அதைச் செய்துகொடுத்தவர் சதுரங்கப்பட்டினத்தில் லேத் பட்டறை வைத்திருந்த ஒரு நாகர்கோவில்காரர். எத்தனை காசைப் பாழாக்கினோம் என்று கணக்கில்லை. இறுக்கமாக இருந்தால் பிரியாது, தளர்வாக இருந்தால் சத்தம் காட்டிக்கொடுக்கும். கடைசியில் ஒன்று அமைந்தது. பட்டறையை மூடிவிட்டு அவர் மகளோடு ஊர்ப் பக்கம் போய்விட்டார். பிற்பாடு ஆன்லைனில் ஒன்று வரவழைத்துப் பார்த்தேன். கையில் எடுத்ததும் கிலுகிலுப்பை மாதிரி ஆடியது. தூக்கி எறிந்தேன்.

இந்தக் கதை அந்தச் சட்டைக்காசைப் பற்றியது.

போன வருஷம் என் வலது கை மோதிர விரல் பூட்டிக்கொள்ள ஆரம்பித்தது. மடக்கினால் மடங்கும், நீட்டினால் வராது. இடது கையால் பிடித்து இழுத்தால் டக்கென்று திறக்கும். சாதாரண ஆளுக்கு அது வலி. எனக்கு அது பிழைப்பு. காசை உள்ளங்கையில் பிடித்து வைப்பதே அந்த விரல்தான். மாமல்லபுரத்தில் ஒரு மேஜையில் விரல் பூட்டிக்கொண்டு காசோடு கையை நீட்ட முடியாமல் நின்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா, "தாத்தாவுக்குக் கை வலிக்குது போல, விடுங்க" என்றார். தாத்தா என்றதுதான் விரலை விட அதிகமாக வலித்தது.

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் சின்னதாகக் கீறி நரம்பை விடுவிக்கலாம் என்றார் டாக்டர். விரல் முன்பு போல் ஆகுமா என்று கேட்டேன். சோறு சாப்பிட, சட்டைப் பொத்தான் போட ஆகும் என்றார். காசு பிடிக்க ஆகுமா என்று கேட்டேன். அதை மூன்று மாதம் கழித்துக் கேளுங்கள் என்றார்.

என் வீட்டுக்காரி அதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவிக்கொண்டு சாமி மாடத்துக்கு முன்னால் போய் நின்றாள். திருப்போரூர் முருகனுக்கு வேண்டிக்கொள்கிறாள் என்று தெரியும். மஞ்சள் துணியில் காசு முடிந்து மாடத்தில் மாட்டிவைப்பாள். வேண்டியது நடந்தால் அந்த முடிச்சை அப்படியே கொண்டுபோய் உண்டியலில் போட வேண்டும். நடுவில் அவிழ்க்கக் கூடாது, வேறு காசு மாற்றக் கூடாது. எங்கள் கல்யாணத்திலிருந்து எத்தனையோ முடிச்சுப் போட்டிருக்கிறாள். நான் கவனித்ததில்லை.

கட்டுப் பிரித்து, தையல் பிரித்து, விரல் மடங்கவும் நீளவும் ஆரம்பித்தது. ஆனால் கட்டையாக இருந்தது, பழைய நயம் இல்லை. ரிசார்ட்டு மேனேஜர் போன் செய்தார். எனக்கு மகன் வயசு, மரியாதையாகத்தான் பேசுவார்.

"அங்கிள், கை எப்டி கீது?"

"ஜோரா கீது."

"அப்போ இந்த சனிக்கெயமை வந்துருங்க. முடியலன்னா சொல்லிடுங்க, தப்பா நெனச்சிக்க மாட்டேன். பாட்டுக்காரர் ஒருத்தர் கேட்டுகினே கீறாரு."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். விரல் முழுசாக ஒத்துழைக்காத நேரத்தில் ஒருவனைக் காப்பாற்றுவது சட்டைக்காசுதான். அதில் காசை மறைத்துப் பிடிக்கவே வேண்டியதில்லை. மறைவது காசுக்குள்ளேயே மறைந்துவிடும். அதை மட்டும் வைத்துக்கொண்டு அந்த சனிக்கிழமையைத் தாண்டிவிடலாம். இல்லாவிட்டால் பாட்டுக்காரர் வந்துவிடுவார், பிறகு நான் வீட்டில் உட்கார்ந்து பொத்தான் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

என் காசுகளை மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்திருப்பேன். திறந்தேன். மடிகிற காசு இருக்கிறது, காந்தக் காசு இருக்கிறது. சட்டைக்காசை, உள்ளே உட்காருகிற காசோடு சேர்த்தே, வைத்திருந்த இடம் காலி.

"இன்னாமே, இந்தக் கூட்டுல அஞ்சு ரூபா ஒண்ணு இருந்துதே, பாத்தியா?"

"பாத்தேன்."

"எங்க கீது?"

"சாமிகிட்ட கீது."

மாடத்தைப் பார்த்தேன். ஆணியில் மஞ்சள் முடிச்சு தொங்கிக்கொண்டிருந்தது.

"வேற காசே கெடைக்கலியா உனுக்கு?"

"எங்க கீது காசு? பால்காரனே அட்டைய காட்டி ஸ்கேன் பண்ணுன்றான். மீன்காரி கூட போன நீட்றா. வூட்ல காசுன்னு இருக்கறது உன் கூட்லதான்."

அவள் சொன்னது நிஜம். இப்போதெல்லாம் விருந்தில் போய் "யாராவது ஒரு காசு கொடுங்கள்" என்றால் எல்லோரும் பையைத் தடவிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். காசே இல்லாத ஊரில் காசு வித்தை காட்டுகிறவனாகிவிட்டேன். அப்படிப்பட்ட வீட்டில் வேண்டுதலுக்குக் காசு தேடியவள் என் கூட்டில் கை விட்டிருக்கிறாள். கைக்கு வந்ததை எடுத்திருக்கிறாள். இது அவள் தவறுகூட இல்லை, காலத்தின் தவறு என்று நினைத்துக்கொண்டேன்.

"அத்த அவுத்துட்டு வேற ஒண்ணு முடிஞ்சிடு. அது தொழில் காசு."

"முடிஞ்சத அவுக்கறதா? கை உனுக்கு வேணாவா?"

"அது அசல் காசே இல்லமே. உள்ள பொத்தல். சாமிக்கு போலி காசு போட்லாமா? பாவம் இல்ல?"

"இத்தினி வருசம் ஊரே நம்புச்சி. சாமி நம்பாதா?" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை கிருத்திகை. போய் முடிச்சைப் போட்டுவிட்டு வந்துதான் கையில் காசைத் தொட வேண்டும் என்பது அவள் உத்தரவு. எனக்கோ சனிக்கிழமை சட்டைக்காசு வேண்டும். இரண்டும் நடக்க ஒரே வழிதான் இருந்தது, அந்த வழியில் என்னை விடக் கெட்டிக்காரன் கிடையாது. ஒரு காசுக்குப் பதிலாக இன்னொரு காசை வைப்பதுதானே நான் வாழ்நாள் முழுக்கச் செய்தது. இங்கே காசுக்குப் பதில் முடிச்சு.

அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் பழைய வேட்டியின் ஓரத்தைக் கிழித்தேன். கிண்ணத்தில் மஞ்சள் கரைத்துத் தோய்த்தேன். மொட்டை மாடியில் என் ஈரத் துண்டுக்கு அடியில் காயப்போட்டேன். சாதாரண ஐந்து ரூபாய் ஒன்றை வைத்து, அவள் போடுகிற மாதிரியே இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்தேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கே வித்தியாசம் தெரியாது. வேலை என்றால் அப்படி இருக்க வேண்டும்.

வியாழக்கிழமை காலையில் எங்கள் ஊர் புதுப்பட்டினத்தில் பஸ் ஏறி, மாமல்லபுரத்தில் இறங்கித் திருப்போரூர் பஸ் பிடித்தோம். அசல் முடிச்சு அவள் மடியில். நகல் முடிச்சு என் சட்டைப் பையில். ஜன்னல் ஓரம் அவள். முன் சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்தேன். உப்பளம் தாண்டும்போது என் கையையே பார்த்தாள்.

"இன்னாயா வெரல்ல மஞ்சளு?"

நகக்கண்ணில் மஞ்சள் ஏறியிருந்தது. எத்தனையோ பேர் கண்ணை ஏமாற்றினவன், சோப்புப் போட மறந்துவிட்டேன்.

"கொயம்பு" என்றேன்.

"நேத்து ரசம்தான வெச்சேன்" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கோயிலில் கூட்டம். கிருத்திகை என்றால் காவடி, பால்குடம், மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலைகள். வரிசையில் நின்று தரிசனம் முடித்து உண்டியல் பக்கம் வந்தோம். அவள் மடியிலிருந்து முடிச்சை எடுத்தாள். அவளே போடுவாள், போடும்போது முடிச்சை என் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நான் திட்டம் போட்டிருந்தேன். அதற்கு ஒரு பேச்சும் தயாராக வைத்திருந்தேன். அவள் என் கையை இழுத்து முடிச்சை உள்ளங்கையில் வைத்தாள். ஆபரேஷன் தழும்பின் மேலேயே வைத்தாள்.

"உன் கை. நீயே போடு."

"சரி."

"எந்தக் காசுன்னு தெரியாம முடிஞ்சேன்னு நெனச்சிக்காத. கூட்டுல எத்தினியோ இருந்துச்சி. தெரிஞ்சிதான் எடுத்தேன்."

முடிச்சை விரலால் மூடிக்கொண்டேன்.

"உன் கை நல்லாவணும்னு வேண்டிக்கினேன். உன் கை எத்த வுட மாட்டேங்குதோ அத்த குடுத்தாத்தான்யா அது வேண்டுதலு. சும்மா கெடந்த ஒண்ண எடுத்து முடிஞ்சா அதுக்கு பேரு இன்னா, டிப்ஸா?"

பின்னால் நின்றவர் "போட்டுட்டு நகருங்கம்மா" என்றார். அவள் அவரைக் கண்டுகொள்ளவில்லை. என் சட்டைப் பையை ஒருமுறை பார்த்தாள். பிறகு சந்நிதிப் பக்கம் முழுசாகத் திரும்பி, கையைக் கூப்பி, கண்ணை மூடிக்கொண்டாள்.

என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவர் கண் ஒரு நொடி வேறு பக்கம் போக வேண்டும். அந்த நொடிக்காகத்தான் பேச்சு, சிரிப்பு, கையை ஆட்டுவது எல்லாம். அதை யாரும் சும்மா கொடுக்க மாட்டார்கள், நாம்தான் பிடுங்க வேண்டும். ஐம்பது வருஷத்துக்கு மேல் பிடுங்கியிருக்கிறேன். அன்றைக்கு ஒருத்தி, நான் என்ன செய்யப்போகிறேன் என்று தெரிந்துகொண்டே, நொடி அல்ல, வேண்டிய நேரம் எடுத்துக்கொள் என்று கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள். இடது கை பைக்குப் போக ஒரு தடையும் இல்லை. கை போகவில்லை. விரல் பூட்டிக்கொண்டது என்று சொல்லலாம் என்று பார்த்தேன். பூட்டிக்கொள்ளவில்லை. நன்றாகத்தான் நீண்டது.

என்னுடைய எல்லாப் பெருமையும் நானே உண்டாக்கிக்கொண்டது என்றுதான் இதுவரை சொல்லிவந்திருக்கிறேன், இப்போதும் அதை மாற்றப்போவதில்லை. ஆனால் அந்தக் கண்ணாடிக் கூட்டில் எந்தக் காசு எனக்கு உயிர் என்று நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. தொழில் ரகசியம் என்று கூட்டைத் திறக்கும்போதுகூட முதுகைக் காட்டித்தான் திறப்பேன். மேஜை மேஜையாகக் காசை ஆட்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்த காலமெல்லாம், நான் காசை எப்படிப் பார்க்கிறேன் என்று வீட்டில் ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். வித்தைக்காசு தேர்ந்தெடுக்கிற கலையை அவளிடம் யாரும் வந்து கேட்டதில்லை.

அவள் கொடுத்த முடிச்சை உண்டியல் வாயில் வைத்து உள்ளே விட்டேன். பிறகு பையில் இருந்த நகலையும் எடுத்தேன். அதுவும் மஞ்சள் தோய்த்து முடிந்ததுதான். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்வது. அதையும் விட்டேன்.

கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "இன்னா ரெண்டு சத்தம்?"

"ஒண்ணு உன்து, ஒண்ணு என்து."

"சரி வா, கூட்டமா கீது" என்று முன்னால் நடந்தாள்.

சனிக்கிழமை போனேன். போகாமல் இருக்க முடியுமா, சொன்ன சொல் இருக்கிறதே. முதல் மேஜையில் கேளம்பாக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். காசு கேட்டேன். வழக்கம் போல ஒருவரிடமும் இல்லை. கடைசியில் அந்த வீட்டு அம்மா கைப்பையின் அடியிலிருந்து, கோயிலுக்கென்று வைத்திருந்தது என்று சொல்லி, ஒரு பழைய கெட்டி ஐந்து ரூபாயை எடுத்தார். அதோடு என் சாதாரண ஐந்து ரூபாய் ஒன்றைச் சேர்த்துச் செய்தேன். விரல் கட்டையாக இருந்ததால் அவசரப்பட முடியவில்லை. மெதுவாகத்தான் செய்தேன். மெதுவாகச் செய்தால் மாட்டிக்கொள்வோம் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். மாட்டிக்கொள்ளவில்லை. மெதுவாகப் போகிற கையைப் பார்த்து இதில் என்ன மறைக்க முடியும் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள் போலிருக்கிறது. அடுத்த மேஜையில் காசு நழுவி வறுத்த மீன் மேல் விழுந்தது. மீனும் காசு கேட்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன். அவர்கள் சிரித்தார்கள், ஆனால் எனக்குத் தெரியும் அது வித்தை இல்லை என்று. முன்பு பார்த்த மேஜைகளில் பாதிதான் பார்க்க முடிந்தது.

கிளம்பும்போது மேனேஜர் வந்தார்.

"கை நோவுதா அங்கிள்?"

"கொஞ்சம்."

"அடுத்த வாரமும் வாங்க. இன்னிக்கி பாத்த அளவுக்கு பாத்தா போதும். பாட்டுக்காரர வெள்ளிக்கெயமை போட்டுக்கறேன்."

வீட்டுக்கு வந்து மேனேஜர் சொன்னதைச் சொன்னேன். "தெரியும்" என்றாள். எண்ணெயைச் சுட வைத்துக்கொண்டு வந்து விரலை நீவிவிட்டாள். கண்ணாடிக் கூடு திறந்தே இருந்தது. நான் மூடவில்லை.

அந்த உண்டியலை எப்போதோ திறந்திருப்பார்கள். மண்டபத்தில் ஜமுக்காளம் விரித்து, வரிசையாக உட்கார்ந்து, முடிச்சுகளை அவிழ்த்து, காசைத் தினுசு தினுசாகப் பிரித்திருப்பார்கள். யாரோ ஒருவர் ஒரு மஞ்சள் துணியை அவிழ்த்திருப்பார். உள்ளே ஒரு பழைய ஐந்து ரூபாய். அதை ஐந்து ரூபாய்க் குவியலில் போட விரலால் தள்ளியிருப்பார். அது இரண்டாகியிருக்கும். அவர் பக்கத்தில் இருப்பவரைத் தட்டிக் காட்டியிருப்பார். சந்நிதிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்திருப்பார். ஆயிரக்கணக்கான முகங்களை நான் காசு இரண்டாகிற நொடியில் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு முகத்தை மட்டும் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. நான் இல்லாமல், பேச்சில்லாமல், சிரிப்பில்லாமல் நடந்த வித்தை. என் வித்தைகளிலேயே அதுதான் ரொம்ப நன்றாக அமைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.